அக்கா பம்பரத்தைக் கொடுத்தாளா, பிடுங்கினாளா?

"ஏன்டா, அந்தப் புள்ள கையில இருந்து அவ எதுக்குப் பம்பரத்தப் புடுங்கிட்டுப் போறா?"

அம்மா இப்படிக் கேட்டபோது நான் இந்தப் போன் விளையாட்டைச் செய்ய ஆரம்பித்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. ஒரே ஒரு திரை. 24 வினாடிக் கதை. ஒரு எழுத்துகூடக் கிடையாது. ஊரை விட்டுப் போகும் அக்கா கிணற்றடியில் தன் பம்பரத்தைத் தம்பியிடம் கொடுக்கிறாள் என்பதுதான் அதன் உயிர்நாடியே. அம்மாவுக்கு அது பிடுங்கலாகத் தெரிந்திருக்கிறது. வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தேன். அம்மா சொன்னது சரிதான்.

எதனால் சரி என்று கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது. அந்தக் கதைக்கு முன்னால் இது எங்கே ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன்.

தி கார்டன்ஸ் பிட்வீன் என்று ஒரு விளையாட்டு. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் இருக்கும் தி வாக்சல் ஏஜென்ட்ஸ் என்ற குழு 2018 செப்டம்பரில் வெளியிட்டது. அடுத்த ஆண்டு ஐபோனுக்கும் வந்து, 2019-இல் ஆப்பிள் டிசைன் விருதும் வாங்கியது. மழை பெய்யும் ராத்திரி, இரண்டு வீடுகளுக்கு நடுவே மரத்தில் ஒரு குடில், அதில் ஒட்டி உட்கார்ந்திருக்கும் இரண்டு பிள்ளைகள். பெண் பெயர் அரினா, பையன் பெயர் ஃப்ரெண்ட் (பெயரே அதுதான்). அங்கிருந்து கடலும் தீவுகளுமாக ஒரு கனவுக்குள் போகிறார்கள். ஒவ்வொரு தீவும் அவர்கள் சேர்ந்து விளையாடிய சாமான்களால் ஆனது. பழைய டிவி, வீடியோ டெக், சோபா, சிந்திய பாப்கார்ன் எல்லாம் மலை அளவுக்கு நிற்கும்.

இதில் பிள்ளைகளை நாம் நடக்க வைக்க முடியாது. நம் கையில் இருப்பது நேரம் மட்டும். வலது பக்கம் தள்ளினால் நேரம் முன்னால் போகும், இருவரும் தம் பாட்டுக்கு நடப்பார்கள். இடது பக்கம் தள்ளினால் எல்லாம் பின்னால் ஓடும், அவர்களும் வந்த வழியே பின்னோக்கி நடப்பார்கள். இன்னும் ஒரு பொத்தான், ஆங்காங்கே எதையாவது தொட. அவ்வளவுதான் கட்டுப்பாடு. வசனமும் இல்லை, கதை சொல்லும் குரலும் இல்லை. இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். முடியும்போது அந்த இருவரில் ஒருவர் வீடு மாறிப் போகிறார் என்று தெரியவரும். யாரும் வாய் திறந்து சொல்லாமலே தெரியவரும். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அக்கா கல்யாணமாகிப் போன சாயங்காலம்தான் நினைவில் ஓடிக்கொண்டிருந்தது.

சரி, நாமும் ஒன்று செய்து பார்ப்போம் என்று, விளையாட்டு செய்வதற்கான மென்பொருளான கோடோ என்ஜினைத் திறந்தேன் (கோடாட் என்றும் சொல்வார்கள், சண்டை வேண்டாம்). இலவசம், என் பழைய லேப்டாப்பிலும் ஓடும்.

கதை இதுதான். இருட்டும் நேரம், கொல்லைக் கிணற்றடி. 0-வது வினாடியில் அக்கா கொசுவர்த்திச் சுருளைப் பற்றவைத்துத் துவைக்கிற கல்லில் வைக்கிறாள். கதவோரம் டிரங்குப் பெட்டி. தம்பி 6-வது வினாடியில் வாளியை இறக்குகிறான். 8-இல் அது அடிக்குப் போகிறது, 11-இல் மேலே வந்துவிடுகிறது. 12-இல் அக்கா பம்பரத்தை நீட்டுகிறாள். அவன் வாங்கி, அவள் போகிற கோபத்தில் 14-இல் கிணற்றுக்குள் வீசிவிடுகிறான். 16-இல் சுவரில் ஆட்டோ வெளிச்சம். 20-இல் அவள் ஏறுகிறாள். 24-இல் ஆட்டோ இல்லை. நேரத்தை முன்னும் பின்னும் இழுத்து, பம்பரம் வாளியில் விழும்படி செய்து மேலே கொண்டுவர வேண்டும். புதிர் அதுதான்.

முதல் வாரம் முழுக்கத் தப்பான வழியில் போனேன். நேரம் பின்னால் போவதென்றால் இயற்பியலைத் தலைகீழாக ஓட்டினால் போதும் என்று நினைத்துவிட்டேன். ஈர்ப்பு விசையை அப்படியே விட்டு, வேகத்தை மட்டும் திருப்பினேன். கிணற்றிலிருந்து கிளம்பிய பம்பரம் தம்பி கைக்கு வராமல் கைப்பிடிச் சுவரில் முட்டி, மாமரத்துப் பக்கம் பறந்து போனது. ஒவ்வொரு மோதலிலும் பம்பரம் கொஞ்சம் வேகத்தை இழக்கிறது, அந்த இழப்பு எங்கேயும் எழுதிவைக்கப்படவில்லை. எழுதிவைக்காததை எப்படித் திருப்பித் தர முடியும்? 2008-இல் வந்த பிரெய்ட் விளையாட்டில் ஜொனாதன் ப்ளோ இதைத் தலைகீழ்க் கணக்காகப் போடாமல், ஒவ்வொரு கணத்தின் நிலையையும் பதிந்துவைத்துத் திருப்பிக் காட்டும் வழியில்தான் செய்திருந்தார். நான் அதை முதலிலேயே படித்திருந்தால் ஒரு வாரம் மிச்சம்.

பிறகு வழிக்கு வந்தேன். பம்பரம் விழுவதை ஒரே ஒரு தடவை நிஜமான இயற்பியலில் ஓடவிட்டு, வினாடிக்கு 60 தடவை அதன் இடத்தையும் சாய்வையும் பதிவுசெய்தேன். விழுவதற்கு ஒரு வினாடி, அதாவது 60 பதிவு. ஒவ்வொன்றிலும் மூன்று எண், எண்ணுக்கு நான்கு பைட். ஆக, ஒரு பம்பரம் கிணற்றில் விழும் சரித்திரம் 720 பைட். இரண்டு பதிவுக்கு இடைப்பட்ட கணத்துக்கு நடுமதிப்பை எடுத்துக்கொண்டால் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. மனிதர்களின் அசைவுக்கு இது தேவைப்படவில்லை. கோடோவின் அனிமேஷன் பிளேயரை ஓடவே விடாமல், ஒவ்வொரு பிரேமிலும் 'இந்த வினாடிக்குப் போ' என்று சீக் கட்டளை கொடுத்தால் போதும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். அனிமேஷனுக்குள் சத்தத்தையோ வேறு வேலையையோ கோத்துவைத்திருந்தால், முன்னும் பின்னும் இழுக்கும்போது அது கண்டபடி கிளம்பிவிடும். என் ஆட்டோ ஒரே சமயத்தில் பதினோரு தடவை ஹாரன் அடித்தது. அவற்றையெல்லாம் வெளியே எடுத்துவிட்டேன்.

கொசுவர்த்திப் புகை இன்னொரு தலைவலி. புகை, தூசி மாதிரியானவற்றுக்கு என்ஜின் தரும் துகள் வசதி முன்னால்தான் ஓடும், பின்னால் ஓடாது. எனவே பன்னிரண்டு புகை வளையங்களைக் கையால் வரைந்து, ஒவ்வொன்றும் எந்த வினாடியில் எந்த உயரத்தில், எவ்வளவு நெளிந்து, எவ்வளவு மங்கி இருக்க வேண்டும் என்பதை நேரத்தைக் கொடுத்தால் இடம் வரும் சூத்திரமாக எழுதினேன். பின்னால் இழுத்தால் புகை இறங்கி வந்து கங்குக்குள் நுழைகிறது. இதை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு முதல்முறை பார்த்தபோது தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். 1896-இல் லூமியேர் சகோதரர்கள் சுவர் இடிக்கும் படமொன்றைப் பின்னோக்கி ஓட்டி, தூசியிலிருந்து சுவர் எழும்புவதைக் காட்டினார்களே, அதைப் பார்த்தவர்கள் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

சத்தத்துக்கும் குறுக்குவழி இல்லை. சத்தம் பின்னால் ஓட, சுருதி அளவைப் பூஜ்யத்துக்குக் கீழே கொண்டுபோகலாம் என்றால் என்ஜின் விடாது. ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் ஒவ்வொரு சத்தத்தையும் திருப்பிப்போட்டு இரண்டாவது கோப்பாகச் சேமித்தேன். சில்வண்டுச் சத்தம் மட்டும் திருப்பினாலும் அப்படியே இருந்தது. அதில் ஒரு கோப்பு லாபம்.

இப்போது கொசுவர்த்திக்கு வருகிறேன், இந்த விளையாட்டில் எனக்கே பிடித்த விஷயம் அது. எழுத்தில்லாத விளையாட்டில் 'இவ்வளவு நேரம் போயிருக்கிறது, இவ்வளவு பாக்கி' என்று எப்படிக் காட்டுவது? கடிகாரம் வைத்தால் எண் வந்துவிடும். கீழே பட்டை வைத்தால் வீடியோ பிளேயர் மாதிரி ஆகிவிடும். சுருள் எரிந்துகொண்டே உள்ளே போகிறது. இழுத்தால் சாம்பல் எழுந்து வந்து ஒட்டிக்கொண்டு சுருள் வளர்கிறது. அதுவே கடிகாரம், அதுவே பட்டை. (இந்தச் சுருள் வடிவம் ஜப்பானில் பிறந்தது. நேர்க்குச்சி சீக்கிரம் எரிந்து தீர்ந்ததால், செய்தவரின் மனைவி சுருட்டிப் பார்க்கச் சொன்னாராம். நீளத்தைச் சின்ன இடத்தில் அடக்கும் புத்தி.) நேரம் நின்றிருக்கும்போதும் கங்கு மட்டும் நிஜ நேரத்தில் மினுங்கிக்கொண்டிருக்கும்படி விட்டேன். இல்லாவிட்டால் போன் தொங்கிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள்.

அம்மாவுக்குச் சுருள் அரை வினாடியில் புரிந்தது. கனடாவில் பிறந்து வளர்ந்த அக்கா மகன் லீவுக்கு வந்தவன், அதையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எதையும் அழுத்தவில்லை.

"என்னடா?"

"லோடிங் ஆகுது மாமா."

எழுத்து இல்லையென்றால் எல்லோருக்கும் புரியும் என்று நான் போட்டிருந்த கணக்கு அங்கே உடைந்தது. படமும் ஒரு மொழிதான், அதற்கும் ஊர் உண்டு. அவனுக்காகத்தான் முதல் மூன்று வினாடியை மாற்றினேன். முதலில் அக்கா கொசுவை அடிக்கிறாள், தீப்பெட்டியை உரசுகிறாள், சுருளின் நுனி பற்றுகிறது, புகை எழுகிறது. இப்போது அது என்ன பொருள் என்று தெரியாதவனுக்கும், எரிகிற ஏதோ ஒன்று, எரிந்து தீரப்போகிறது என்பது தெரியும். அதற்கு மேல் தெரிய வேண்டியதில்லை.

புதிரின் எலும்பு வேறு விஷயம். நேரத்தை இழுத்தால் எல்லாமே பழையபடி ஆகிவிடும் என்றால் புதிரே கிடையாது. ஏதோ ஒன்று நேரத்துக்குக் கட்டுப்படாமல் இருக்க வேண்டும். கார்டன்ஸ் பிட்வீனில் அரினா கையில் ஒரு லாந்தர். பூவிலிருந்து அதில் வெளிச்சத்தை வாங்கிக்கொண்டால், நேரத்தைப் பின்னால் இழுத்தாலும் வெளிச்சம் லாந்தரிலேயே இருக்கும். வெளிச்சம் பட்டால் சில இடங்களில் மூட்டம் கலைந்து வழி வரும். வேறு சில இடங்களில் பாலமாக நின்ற மூட்டமே கரைந்து வழி போய்விடும். அந்த ஒரு விதிவிலக்கின் மேல்தான் முழு விளையாட்டும் நிற்கிறது.

எனக்கு அந்த விதிவிலக்கு வாளி. பொத்தானை அழுத்தினால் தம்பி தாம்புக்கயிற்றைத் தூணில் கட்டிவிடுவான். அதற்குப் பிறகு நேரம் எங்கே போனாலும் வாளி அசையாது. 8-வது வினாடியில் கட்டிவிட்டு, 14-க்குப் போனால் பம்பரம் நேராக வாளியில் விழும். 15-இல் அவிழ்த்தேன். வாளி ஒரே தாவலில் மேலே போய் நின்றது! ஏனென்றால் பொதுக் கணக்குப்படி 15-இல் அது மேலேதான் இருக்க வேண்டும். வாளிக்குத் தனிக் கடிகாரம் கொடுத்தபிறகுதான் சரியானது. வாளியின் நேரம் என்பது பொது நேரத்தோடு ஓர் இடைவெளியைக் கூட்டினால் வருவது. கட்டியிருக்கும்போது பொது நேரம் நகர்கிற அளவுக்கு இடைவெளி எதிர்ப்பக்கம் நகரும். அவிழ்த்தால் அப்படியே நின்றுவிடும். ஆக, 15-இல் அவிழ்த்த வாளிக்கு அப்போது மணி 8. அது தன் 8-லிருந்து 11 வரை ஓடும்போது உலகம் 15-லிருந்து 18-க்குப் போயிருக்கும். 18-இல் பம்பரம் மேலே வருகிறது, 20-இல் அக்கா ஆட்டோவில் ஏறுகிறாள். நடுவில் இரண்டு வினாடி, அவள் திரும்பிப் பார்ப்பதற்கு. ஆறப்போட்டு 17-க்கு மேல் அவிழ்த்தால், வாளி வரும்போது அவள் ஏறியிருப்பாள். பம்பரம் கிடைத்துவிடும், அவளுக்குத் தெரியாது. அதைத் தோல்வி என்று நான் எங்கேயும் காட்டவில்லை. அதுவும் நடக்கிறதுதானே.

வாளியில் விழுந்த பம்பரம் பிறகு நேரத்தை இழுத்தாலும் வாளியை விட்டு வெளியே வராது. லாந்தர் வெளிச்சத்தின் விதியேதான். இதற்காகத் தம்பிக்கு இரண்டு நடிப்பு வரைய வேண்டிவந்தது. வாளி கட்டாமல் இருந்தால் ஒன்று, கட்டியிருந்தால் ஒன்று. ஒரு வாரத்து ராத்திரிகள் அதிலேயே போயின.

இவ்வளவும் முடிந்தபிறகுதான் அம்மாவின் கேள்வி.

புதிர் விளையாடுகிறவர் கதையை ஒரு தடவை நேராகப் பார்த்துவிட்டுப் போவதில்லை. பத்துத் தடவை முன்னும் பின்னும் தேய்க்கிறார். கொடுப்பதை எத்தனை தடவை பார்க்கிறாரோ, அத்தனை தடவை அதன் தலைகீழையும் பார்க்கிறார். கொடுப்பதன் தலைகீழ் பிடுங்குவது. இது எனக்குத் தெரியாததல்ல. பிரெய்ட்டின் கடைசிக் கட்டம் அதன் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. இளவரசி வீரன் ஒருவனிடமிருந்து தப்பி, நம்மோடு சேர்ந்து ஓடிவருவதாகப் பார்த்த காட்சி, நேரம் திரும்பியதும் அவள் நம்மிடமிருந்து தப்பி ஓடிய காட்சியாகிவிடும். அந்த விளையாட்டில் புத்தகம் புத்தகமாக எழுத்து இருக்கிறது, ஆனால் குத்துகிற இடத்தில் ஒரு சொல்லும் இல்லை. அங்கே ப்ளோ வேண்டுமென்றே செய்ததை நான் என் கிணற்றடியில் தெரியாமல் செய்துவைத்திருந்தேன்.

ஆனால் கார்டன்ஸ் பிட்வீனில் அரினாவும் ஃப்ரெண்டும் எத்தனை தடவை பின்னால் போனாலும் சண்டைக்காரர்களாகத் தெரியவில்லையே? மறுபடி விளையாடினேன், இந்தத் தடவை புதிரைக் கவனிக்காமல். அவர்கள் உடம்பைப் பார்த்தேன். ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள், எட்டிப் பார்க்கிறார்கள், தயங்குகிறார்கள், எதையோ சுட்டிக் காட்டுகிறார்கள். பார்ப்பதைத் திருப்பிப்போட்டாலும் பார்ப்பதுதான். தயக்கம் திரும்பினாலும் தயக்கம்தான். தலைகீழாக்கினால் பொருள் மாறுகிற வினைகளும் உண்டு, மாறாத வினைகளும் உண்டு.

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டு, என் 24 வினாடியில் நடக்கும் ஒவ்வொன்றையும் இடப்பக்கமும், அதன் தலைகீழை வலப்பக்கமும் எழுதினேன். கிணற்றில் வீசுவதன் தலைகீழ், கிணறு பம்பரத்தைத் திருப்பிக் கொடுப்பது. நன்றாக இருக்கிறது, வைத்துக்கொள்ளலாம். ஆட்டோ ஏறுவதன் தலைகீழ், அக்கா வீட்டுக்கு வந்துவிடுவது. அதற்காகவே இந்த விளையாட்டு. கண்ணைத் துடைப்பதன் தலைகீழ், கண்ணைத் துடைப்பது. மாற்றமில்லை. கொடுப்பதில் மட்டும் உதைத்தது.

அந்த ஒன்றரை வினாடியைப் பிரேம் பிரேமாக எடுத்துப் பார்த்தேன். அக்காவின் கை வெடுக்கென்று கிளம்பி, போகப்போக மெதுவாகி, தம்பி கையில் மெல்ல நிற்கும்படி வைத்திருந்தேன். அனிமேஷன் பழகுகிறவர்கள் சீக்கிரமே கற்றுக்கொள்கிற அழகு அது, வேகமாகத் தொடங்கி இதமாக முடிப்பது. அதைத் திருப்பினால்? இதமாகத் தொடங்கி, வெடுக்கென்று முடிகிறது. பிடுங்குவதன் இலக்கணமே அதுதான்! தம்பியின் கண்ணும் பம்பரத்தின் மேலேயே இருந்தது, போகிற பம்பரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. பாவமாக இருக்காதா பின்னே.

திருத்தியது மூன்று இடத்தில். கையின் வேகத்தை இரு பக்கமும் ஒரே மாதிரி ஆக்கினேன். மெதுவாகக் கிளம்பி, நடுவில் வேகம் பிடித்து, மெதுவாக நிற்கும். பம்பரத்தை இருவர் கையும் சேர்ந்து பிடித்திருக்கும் நேரம் முன்பு கால் வினாடிதான், அதை 1.2 வினாடி ஆக்கினேன். அந்த 1.2 வினாடி முழுக்க இருவரும் பம்பரத்தைப் பார்க்காமல் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். இப்போது எந்தப் பக்கம் இழுத்தாலும் இரண்டு பேர் ஒரு பொருளைச் சேர்ந்து பிடித்திருக்கிறார்கள், பிறகு ஒருவர் கையில் அது இருக்கிறது. முன்னால் ஓட்டினால் அக்கா தம்பிக்குத் தருகிறாள். பின்னால் ஓட்டினால் தம்பி அக்காவுக்குத் தருகிறான், 'இந்தா வச்சுக்கோ, நீ போகாதே' என்பதுபோல. இதற்காக மொத்தக் கதையையும் ஒரு வினாடி இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. கொசு அடிப்பதில் வெட்டினேன்.

கடைசியில் ஒரு விஷயம் பாக்கி இருந்தது. சுருள் முழுக்க எரிந்து, ஆட்டோ மறைந்தபிறகு, இடது பக்கம் இழுத்தாலும் நேரம் நகராதபடி பூட்டிவிட வேண்டும் என்று முதல் நாளிலிருந்தே திட்டம். எரிந்தது எரிந்ததுதான் என்று ஆட்டக்காரரின் விரலுக்கே உறைக்கட்டும் என்று. பத்து வரி எழுதினால் முடிந்தது, எழுதியும் வைத்திருந்தேன். பூட்டைச் சேர்க்காத பதிப்பைத்தான், கொடுக்கிற இடம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, அம்மாவிடம் மறுபடி கொடுத்தேன்.

அம்மா வாளியைக் கட்டினாள், பம்பரத்தைப் பிடித்தாள். இந்தத் தடவை பிடுங்குகிறாள் என்று சொல்லவில்லை. ஆட்டோ போனது. அம்மா விரலை இடது பக்கம் இழுத்தாள். ஆட்டோ வந்தது, அக்கா இறங்கினாள், பெட்டி கதவோரம் வந்து நின்றது. இன்னும் இழுத்தாள். சுருள் ஏறக்குறைய முழுசாக வளர்ந்து, அக்கா துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருக்கும் இடத்தில் விரலை எடுத்துவிட்டாள். 3-வது வினாடி.

"ஆட்டம் முடியலம்மா."

"போதும், இப்படியே இருக்கட்டும்" என்று போனை மேஜையில் வைத்துவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். திரையில் கங்கு மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது.

பூட்டும் வரிகளை நான் அழிக்கவில்லை. முன்னால் # இருக்கும் வரியை என்ஜின் ஓட்டாது, ஒவ்வொன்றின் முன்னாலும் ஒன்று போட்டுவைத்திருக்கிறேன்.